நாலு இஞ்சு வெட்டுவதற்கு முன்

வடபழனி, சென்னை

அன்பு மருமகளே,

உன் குரல் பதிவைக் கேட்டேன், படங்களையும் பார்த்தேன். 22-க்கு 18 பேஸ் டிரம்: தோல் 22 இஞ்சு அகலம், ஷெல் 18 இஞ்சு ஆழம். கலைந்துபோன மெல்லிசைக் குழுவிடமிருந்து செட்டோடு சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். ஷெல் உள்பக்கம் அடுக்கு எங்கும் பிரியவில்லை, ஒட்டு இடத்தில் பிளவு தெரியவில்லை. நல்ல சரக்குதான். அதை 14 இஞ்சு ஆழமாகக் குறைக்கப் போகிறேன், திருக்கனூர் தச்சுப் பட்டறையில் பேசியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். "சரின்னு மட்டும் சொல்லு மாமா" என்று முடித்தும் விட்டாய்.

சரி என்று சொல்லக்கூடிய ஆள்தான் நான். டிரம் பழுது பார்த்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. வெட்டவே கூடாது என்கிற பயபக்தியெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் நீ மூன்று காரணம் சொன்னாய். ஒன்று, ஓசை 'பொம்' என்று இழுக்கிறது, 'டப்' என்று நிற்கவில்லை. இரண்டு, மேலே மாட்டிய டாம் கைக்கு எட்டவில்லை, குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது. மூன்று, அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்சீட்டில் வைத்துக் கட்டினால் அவர் உட்கார இடமில்லை. கோயில் மேடையிலும் கீபோர்டுக்காரரின் காலில் போய் இடிக்கிறது. இந்த மூன்றில் ரம்பம் தேவைப்படுவது கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான். மற்ற இரண்டுக்காக வெட்டினால் டிரம் குட்டையாகும், குறை அப்படியே இருக்கும்.

முதலில் ஓசை. ஒரு டிரம்மின் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தோலின் அகலமும் அதை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கிறாய் என்பதும்தான். நாலு இஞ்சு வெட்டினாலும் உன் தோல் 22 இஞ்சாகவேதான் இருக்கப் போகிறது. உள்ளே அடைபட்ட காற்று மட்டும் சுமார் 112 லிட்டரிலிருந்து 87 லிட்டராகக் குறையும். காற்று குறைந்தால் அது இரண்டு தோலுக்கும் நடுவில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். நீ மிதித்ததும் முன்தோல் இன்னும் நெருக்கமாகப் பதில் சொல்லும், பெடலில் காலுக்கு ஒரு எதிர்ப்பு தெரியும். மாற்றமே இருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் பழைய தோலை மாற்றினால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் இது சின்னது.

ஆழமான டிரம்மில் ஓசை தாமதமாக வரும் என்று யாரோ சொன்னதாகவும் சொன்னாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மூர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். நாலு இஞ்சைக் கடக்க அதற்கு ஒரு மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. உன் பேஸ் கிதார்காரர் மேடையில் ஓர் அடி தள்ளி நின்றாலே இதைப்போல மூன்று மடங்கு தாமதம் வந்துவிடும். அதை யாரும் குறை சொல்வதில்லை.

ஆழம் குறைந்தால் சத்தம் குறையுமோ என்று உங்கம்மா பயப்படுகிறாளாம். பறையைப் பார்க்கச் சொல். வளைந்த மரத்துண்டுகளைச் சேர்த்த சட்டம், அதன் ஆழம் சில இஞ்சுகள்தான், ஒரு பக்கம் மட்டும் தோல். நெருப்பில் காய்ச்சி இறுக்கிவிட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கிறது. மதுரை வட்டாரத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது உன் குழுவில் எல்லோரும் அந்த வீடியோவைப் பகிர்ந்தீர்களே, அதை இன்னொரு தடவை பார். அந்த வாத்தியத்தின் பலம் தோலின் இறுக்கத்திலும் குச்சி விழும் விதத்திலும் இருக்கிறது.

நீளத்தை மாற்றினால் சுருதி மாறும் என்பதற்கு மிருதங்கத்தைச் சாட்சிக்கு இழுப்பார்கள். தக்கு சுருதிக்கு 24 இஞ்சுக் கட்டை, உச்ச சுருதிக்கு 22 இஞ்சுக் கட்டை என்பது உண்மைதான். ஆனால் செய்கிறவர் நீளத்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துவதில்லை. வாயின் அகலம், தோலின் கனம், கரணை, வார் இழுப்பு எல்லாம் சேர்ந்து மாறும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் கட்டை கட்டையாகத்தான் இருக்கும்.

ஆகவே 'பொம்' என்று இழுக்கும் ஓசைக்கு இதைச் செய். இரண்டு தோலையும் கழற்று. மிதிக்கிற பக்கத்துத் தோலில் பீட்டர் படுகிற இடத்தைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். குழி விழுந்திருந்தால் அதை எவ்வளவு டியூன் செய்தும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஓரத்தில் அதிர்வடக்கும் வளையம் சேர்த்து வருகிற தோலாகக் கேட்டு வாங்கு. மாட்டும்போது தோலை இழுக்கும் எல்லா ராடையும் விரலால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்கு. பிறகு சாவியைப் போட்டு ஒன்றுக்கு அரைச் சுற்று, உடனே அதற்கு நேர் எதிரில் இருப்பதற்கு அரைச் சுற்று. பக்கத்துப் பக்கத்து ராடை வரிசையாக முறுக்கினால் தோல் கோணிக்கொள்ளும். சுருக்கம் மறைந்ததும் நிறுத்தித் தட்டிப் பார். முன்தோலை இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கு.

இன்னும் இழுத்தால், மிதிக்கிற தோலை மாட்டுவதற்கு முன் ஷெல்லின் குறுக்கே பழைய வேட்டித் துணியை நாலு விரல் அகலத்துக்கு மடித்துப் போட்டு, அதன்மேல் தோலை இறுக்கு. நடுவில் போடாதே, பீட்டர் படுகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடு. அந்தக் காலத்து டிரம்மர்கள் கம்பளித் துணியில் செய்ததுதான் இது. அதுவும் போதவில்லையென்றால் உள்ளே ஒரு சின்னத் தலையணை, இரண்டு தோலையும் தொட்டும் தொடாமலும். கடைசியாக உன் கால். மிதித்த பீட்டரைத் தோலிலேயே அழுத்தி வைத்திருக்கிறாயா, திரும்ப விடுகிறாயா? இரண்டுக்கும் ஓசை வேறு. எது வேண்டுமோ அதைத் தெரிந்து செய்.

இவ்வளவும் செய்துவிட்டு, நீ உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தீர்ப்புச் சொல்லாதே. தம்பியிடம் செல்போனைக் கொடுத்து, சனம் நிற்கிற தூரத்தில் நின்று பதிவு செய்யச் சொல். திருவிழா மேடையில் உன் பேஸ் டிரம்மைச் சனம் நேராகக் கேட்பதேயில்லை. உள்ளே நீட்டிய மைக்கும் சவுண்டு சர்வீஸ்காரரின் பாக்ஸும்தான் அவர்களுக்குக் கேட்கின்றன. மைக்கை அரைச் சாண் நகர்த்தினால் மாறுகிற ஓசைக்காக மரத்தை அறுப்பது வீண்.

அடுத்தது டாம். இதில் ஒரு சங்கதியை நீ கவனிக்கவில்லை. டாம் தாங்கி ஷெல்லின் முதுகில் எந்த இடத்தில் திருகப்பட்டிருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும். முன்பக்கத்திலிருந்து நாலு இஞ்சு எடுத்தால் தாங்கிக்கும் உனக்கும் உள்ள தூரம் ஒரு நூல்கூடக் குறையாது. மிதிக்கிற பக்கத்திலிருந்து வெட்டினால் குறையும். ஆனால் அது பெடல் கவ்வுகிற, பீட்டர் அடிவாங்குகிற பக்கம். முதன்முதலில் வெட்டுகிறவள் கை வைக்கிற இடம் அதுவல்ல. டாமைத் தாங்கியிலிருந்து எடுத்துத் தனி ஸ்டாண்டில் மாட்டு. பழைய சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டும் மாட்டலாம். உனக்கு எட்டுகிற இடத்துக்கு இழுத்து வைத்துக்கொள். இருக்கையின் உயரத்தையும் பார்: உட்கார்ந்தால் தொடை முழங்காலை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிய வேண்டும். உன் படத்தில் தொடை மேலே தூக்கியிருக்கிறது, அதனால்தான் நீ முன்னால் விழுகிறாய். செட்டை முன்பு வாசித்தவரின் உடலளவு வேறு. அவர் வைத்த அளவில் நீ ஏன் உட்கார வேண்டும்?

இனி மூன்றாவது காரணம். இதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிட்டது. வண்டியில் வைக்க முடியவில்லை என்பது கலைஞருக்குச் சொல்லத் தகாத காரணம் என்று நினைக்கிறாய் போல. பாப்பா, டிரம்மின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

பேஸ் டிரம்மின் மூதாதை துருக்கியச் சேனையின் தாவுல். தோளில் தொங்கவிட்டு நடந்தபடி அடிப்பது. அங்கிருந்து ஐரோப்பியப் பட்டாளங்களுக்குப் போனது. 1800-ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்துப் பட்டாள வாத்தியக் குழுக்களில் இருந்ததற்கு 'நீள டிரம்' என்றே பெயர். அதன் நீளம் தோலின் அகலத்தைவிட அதிகம். போகப்போக அதன் வாய் அகன்றது, உடல் குட்டையானது. இன்று அணிவகுப்பில் தூக்குகிற டிரம்களின் ஆழம் 12, 14 இஞ்சை ஒட்டியே நிற்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். இளவட்டத்தில் பேண்டு செட்டில் பெரிய டிரம் தூக்கியிருக்கிறேன். வில்லியனூர் லூர்து மாதா கோயில் திருவிழாப் பவனியில் வயிற்றின்மேல் டிரம்மைக் கட்டிக்கொண்டு நடக்கும்போது, ஒரு தோல் இடப்பக்கம், மறு தோல் வலப்பக்கம். ஷெல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு இரண்டு கையும் அகன்று விரிய வேண்டும். ஆழம் கூடினால் முதலில் தோள்பட்டை போகும், பிறகு தாளம் போகும். முன்னால் நடக்கிறவரின் குதிகாலும் கண்ணுக்குத் தெரியாது.

அந்த டிரம்கள் பெரும்பாலும் மீரட்டிலிருந்து வந்தவை. அங்கே நாதிர் அலி கம்பெனி 1885-இல் தொடங்கியது. பட்டாள பேண்டுகளுக்கு வாத்தியம் விற்ற ஊர், பிறகு நாடு முழுக்கக் கல்யாண பேண்டுகளுக்கு வாத்தியம் செய்து கொடுத்தது. வாங்கியவர்கள் கேட்டதெல்லாம் சத்தமும் தூக்கச் சுலபமும்தான்.

உன் காலுக்குக் கீழே இருக்கிற பெடலும் இடநெருக்கடியில் பிறந்த குழந்தைதான். அமெரிக்க நாடக அரங்குகளில் மேடைக்கு முன்னாலுள்ள குழியில் வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பேஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர் என்று வைக்க இடமும் இல்லை, சம்பளமும் இல்லை. 1909-இல் சிகாகோவில் வில்லியம் லுட்விக் வேகமாக மிதிக்கக்கூடிய பெடலைச் செய்து விற்க ஆரம்பித்தார். அதனால் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் செய்ய முடிந்தது. அப்படித்தான் 'டிரம் செட்' என்று ஒன்று நிலைத்தது.

ஆழம் என்பது எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. 1964 பிப்ரவரி 9-ஆம் தேதி பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரலையில் வாசித்தபோது ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம் 20-க்கு 14. லெட் செப்பலின் ஜான் போனமின் பெரிய டிரம் 26-க்கு 14. அந்த ஓசையை இன்றைக்கும் ஒலிப்பதிவுக்காரர்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள், ஆழம் அதே 14-தான். ஜாஸ்காரர்கள் 18-க்கு 14 வாசித்தார்கள். 1980-களில் ராக் மேடைகள் பெரிதானபோதுதான் 16, அப்புறம் 18 என்று ஆழம் வளர்ந்தது. ஆகவே நீ வெட்டினால் டிரம்மை ஊனமாக்கவில்லை. பழைய அளவுக்குத் திருப்பிக் கொண்டுபோகிறாய், அவ்வளவுதான்.

நம் வாத்தியங்களும் சும்மா இருக்கவில்லை. தவிலின் வாரையும் பழைய வளையத்தையும் எடுத்துவிட்டு இரும்பு வளையமும் போல்ட்டும் போட்டார்கள். மேடையிலேயே ஸ்பேனரால் இழுப்பைச் சரிசெய்ய முடிந்தது. அதனால் தவில் தவிலாக இல்லாமல் போய்விட்டதா? நம் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சணாமூர்த்திக்கும் 2025-இல்தான் பத்மஸ்ரீ வந்தது. வாசிக்கிறவரின் வசதிக்காக வாத்தியம் மாறுவது பரம்பரைக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், தட்சணாமூர்த்தியின் மேடைக்குக் கூட்டிப் போ.

எனவே வண்டிக்காகவும் மேடைக்காகவும் என்றால், வெட்டு. அதற்கு முன் இரண்டு கேள்வி. இது உன் காசில் வாங்கியதா, குழுவின் காசிலா? குழுவினுடையது என்றால் எல்லோரும் உட்கார்ந்து சம்மதித்த பிறகுதான் ரம்பம். வெட்டிய டிரம்மை விற்கப் போனால் விலை குறையும். அந்த நஷ்டத்தை நாளைக்கு ஒருவர் தலையில் கட்டக்கூடாது. இரண்டாவது, நாலு இஞ்சு குறைந்தால் வண்டியில் அப்பா உட்கார முடியும் என்பதை அட்டைப்பெட்டி வைத்துக் கட்டிப் பார்த்தாயா? 14 இஞ்சு அகலத்துக்கு ஒரு பெட்டியை நறுக்கி, பின்சீட்டில் கட்டி, மண்ணாடிப்பட்டிலிருந்து திருக்கனூர் வரை ஒரு நடை போய்வரச் சொல். அப்போதும் இடிக்கிறது என்றால் 14-ஆல் பயனில்லை, வேறு வண்டிதான் பார்க்க வேண்டும்.

இனி வேலை. எல்லா இரும்பையும் கழற்று: ராடு திருகும் லக், டிரம் உருளாமல் தாங்கும் ஸ்பர், டாம் தாங்கி, பெயர்ப் பட்டை. கழற்றும் முன் படம் எடுத்துக்கொள், திருகுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வை. பிறகு ஒவ்வொரு லக்குக்கும் நேராக, மிதிக்கிற பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை நீளவாக்கில் பென்சில் கோடு போடு. வெட்டிய பிறகு முன் லக்குகள் பின் லக்குகளுக்கு நேராக நிற்க இந்தக் கோடுகள்தான் துணை.

14 இஞ்சை டேப் வைத்துப் பல இடத்தில் புள்ளி குத்தி இணைக்காதே, கோடு அலையும். மிதிக்கிற பக்கம் கீழே இருக்கும்படி ஷெல்லைச் சமையல் மேடை கிரானைட் மாதிரி சமமான கல்லின்மேல் நிறுத்து. பக்கத்தில் 14 இஞ்சு உயரத்துக்கு மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் பென்சிலை அசையாமல் கட்டு. பென்சிலை நகர்த்தாதே, ஷெல்லை மெல்லச் சுற்று. தொழிற்சாலையில் அறுத்த விளிம்பே உனக்கு அளவுகோல் ஆகிறது. கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முட்ட வேண்டும். முட்டாவிட்டால் கட்டை அசைந்திருக்கிறது, அழித்துவிட்டு மறுபடி போடு.

கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டு, மேல்பூச்சு சிதறாது. கூரான பிளேடால் கோட்டை ஒருமுறை கீறிவிடு. பட்டறையில் டேபிள் சா இருக்கிறது என்றாய். வட்டமான ஷெல்லைக் கையால் பிடித்து அதன்மேல் தள்ளவே கூடாது. பல் கவ்வினால் ஷெல் உருண்டு கையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கென்று தாங்கிப்பிடிக்கும் சட்டம் செய்யத் தெரிந்த தச்சர் என்றால் மட்டும் சரி. இல்லாவிட்டால் பொடிப்பல் கைரம்பம் போதும். ஒரே இடத்தில் ஆழமாக இறங்காமல், ஷெல்லைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டும். கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே அறு. மூக்குக்குக் கவசம் போடு. ஒட்டுப்பலகைத் தூசியில் பசையும் சேர்ந்திருக்கும்.

மிச்சமுள்ள இரண்டு மில்லிமீட்டரைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதே கிரானைட்டின்மேல் உப்புத்தாளை அசையாமல் ஒட்டி, ஷெல்லைக் கவிழ்த்துச் சுழற்றித் தேய். சரியாக வந்ததா என்று பார்க்க ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, வெறும் கல்லின்மேல் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே செல்போன் லைட்டைப் போட்டு வை. கண்ணைக் கல்லின் மட்டத்துக்கு இறக்கிச் சுற்றிவந்து பார். வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம், கசியாத இடம் மேடு. மேட்டைத் தேய்த்து இறக்கு. எங்கும் கசியாத வரை விடாதே. இந்த விளிம்பில்தான் தோல் உட்காரப் போகிறது. இதில் கோணல் இருந்தால் நீ எந்தத் தோல் வாங்கினாலும் டியூன் நிற்காது.

விளிம்பு சமமானதும் அதற்குச் சரிவு கொடுக்க வேண்டும். மிதிக்கிற பக்கத்து விளிம்பின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொள். அதே வடிவம் இங்கேயும் வர வேண்டும். பெரும்பாலும் உள்பக்கம் 45 பாகைச் சரிவு, வெளிப்பக்கம் லேசான உருட்டு. தச்சரிடம் ரூட்டர் இருந்தால் ஒரே மூச்சில் ஆழமாக ஓட்டாமல் மூன்று நாலு தடவையாக ஓட்டச் சொல்.

அறுத்தெடுத்த வளையத்தை எறியாதே. அதில் பழைய லக் ஓட்டைகள் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரமோ அதே தூரத்தில்தான் புது ஓட்டைகளும் வர வேண்டும். வளையத்தின்மேல் சார்ட் பேப்பரைச் சுற்றி ஓட்டைகளைக் குத்தி எடுத்து, அப்படியே ஷெல்லில் சுற்றிக் குறி. உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துத் துளை போட்டால் உள் அடுக்கு பிய்யாது. ராடுகள் பழையவையே பொருந்தும், ஏனென்றால் விளிம்புக்கும் லக்குக்கும் உள்ள தூரம் மாறவில்லை. ஸ்பருக்கு மட்டும் புது இடம் தேட வேண்டியிருக்கும். பழைய ஓட்டையை மர முளை அடித்துப் பெவிகால் போட்டு மூடு. ஷெல் மெல்லியது என்று தச்சர் சொன்னால் அந்த வளையத்திலிருந்தே ஒரு பட்டை கீறி, விளிம்புக்கு உள்ளே பலத்துக்கு ஒட்டலாம். ஷெல் ஏழு மில்லிமீட்டர் கனம் என்றால் பட்டையின் நீளத்தில் சுமார் 44 மில்லிமீட்டர் நறுக்கினால் உள்ளே பொருந்தும். அதை ஒட்டுவதாக இருந்தால் தேய்ப்பதற்கு முன்பே ஒட்டிவிடு, சரிவு இரண்டுக்கும் சேர்ந்து வரும்.

அறுத்த ஒட்டுப்பலகையின் வாய் ஈரத்தைக் குடிக்கும். நம் பக்கம் ஐப்பசி மழையில் கதவே உப்பிக்கொள்கிறது, இது உப்பாதா? சீலர் இரண்டு பூச்சு கொடுத்து, காய்ந்தபின் தேய்த்து, தோல் உட்காரும் முகட்டில் மெழுகுவத்தியைத் தடவிவிடு. தோல் வழுக்கி உட்காரும்.

இன்னொன்று, தச்சரைப் பற்றி. "அவருக்கு டிரம் பத்தி ஒண்ணும் தெரியாது மாமா" என்று சொன்னாய். மரம் அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க நாதத்தை ஊரே கொண்டாடியது. அந்த மிருதங்கங்களைச் செய்த பர்லாந்தின் பெயர் கச்சேரி கேட்ட எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தில் இப்படி மிருதங்கம் செய்கிறவர்களின் குடும்பங்களைப் பற்றி எழுதினார், கிடைத்தால் வாசி. உனக்கு வேண்டிய ஓசையைத் தச்சரிடம் வாயால் சொல்லு, வாசித்தும் காட்டு. ரம்பத்தைக் கோட்டின் இந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டுக்கொள். மீதி வளையத்தில் முதலில் அவரை ஒரு துளை போடச் சொல், மரம் பிய்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். கூலியைப் பேரம் பேசாதே. முதல் நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெட்ட வேண்டாம். முதலில் தோலும் இருக்கையும் டாம் ஸ்டாண்டும். அதற்கே முதல் இரண்டு குறையும் தீர்ந்துவிடும். பிறகு முன்பக்கத்து லக் ஒன்றைக் கழற்றி, அதன் இரண்டு திருகு ஓட்டையும் விளிம்பிலிருந்து எத்தனை இஞ்சு என்று அளந்து எனக்கு அனுப்பு. உள் ஓட்டை சரியாக நாலு இஞ்சில் விழுந்தால், வெட்டிய விளிம்பில் பாதி ஓட்டை நிற்கும். அப்போது 14-ஐ விட்டுவிட்டு பதின்மூன்றரைக்குப் போகலாம். எந்த அளவுக்கு வெட்டுவது என்பதை அந்த ஓட்டை சொல்லட்டும். அளவு வந்ததும் கோடு எங்கே போடுவது என்று எழுதுகிறேன்.

உங்கம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா